குருவிச்சைக் கசாயமும் விளைமீன் சொதியும்

எங்கள் சம்மாட்டியாரின் வளவில் ஒரு பெரிய மாமரம் நிற்கிறது. அதில் மாங்காயைவிடக் குருவிச்சைதான் அதிகம். குருவிகள் பழத்தைத் தின்று கொம்பில் எச்சமிட, விதை அங்கேயே முளைத்து, மரத்தின் சாற்றைக் குடித்துத் தழைக்கும். புல்லுருவி என்றும் அதைச் சொல்வார்கள். அவருக்குச் சொந்தமாகப் படகுகளும் வாடியும் உண்டு. நான் அந்த வாடியில் மீன் காயப்போடுகிறவன். குருவிச்சையை வெட்டிவிடும்படி பல வருடமாக என்னிடம் சொல்லிவந்தார். நானும் ஏறுகிறேன், ஏறுகிறேன் என்று சொல்லிவந்தேன். மரம் ஏறப் பயம் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

போன வருடம் அந்தக் குருவிச்சை திடீரென்று மருந்தாகிவிட்டது. அதன்பிறகு அந்த மரத்தடியில் ஓர் ஆட்டைக் கட்டக்கூட அவர் விடவில்லை.

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை ஏற்றிவிட்டு வந்ததும் அவளுக்கு நித்திரை போய்விடும், வாய் கசக்கும். "இனியும் போகத்தான் வேணுமோ?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கத் தொடங்கியிருந்தாள். இடையில் நிறுத்தக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். எனக்கும் அதுதான் பயம். ஆனால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டாக்குத்தருக்கு முன்னால் தலையை ஆட்டுவேன். மற்றவர்களுக்கு முன்னாலும் அதையேதான் செய்வேன்.

அப்போதுதான் ஜேர்மனியில் இருக்கும் அவளுடைய தம்பியின் குரல்பதிவு போனில் வந்தது. "அக்கா, இஞ்ச குருவிச்சைச் சாற்றில ஊசி செய்து, கீமோவோட சேர்த்துப் போடுறாங்கள். ஆராய்ச்சியும் நடக்குது" என்று சொல்லியிருந்தான். அவள் அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்ட நேரம், பக்கத்து வீட்டு மாமியும் இருந்தார். பொழுதுபடுவதற்குள் தெரு முழுக்கக் குருவிச்சைதான்.

எங்கள் வீட்டில் இருந்த கதிரைகள் போதவில்லை. கோயிலில் இருந்து பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. சம்மாட்டியார் நடுவில் இருந்தார். கடலைப் பற்றிக் கதைக்கிற அதே குரலில் புற்றுநோயைப் பற்றியும் கதைத்தார்.

"வெள்ளைக்காரன் ஆப்பிள் மரத்துக் குருவிச்சையில எடுக்கிறானாம். ஆப்பிளே இவ்வளவு கேட்குமெண்டா, எங்கட மாமரம் எவ்வளவு கேட்கும்!"

"மாமரம் சூடு. வேப்பமரத்துக் குருவிச்சைதான் குளிர்ச்சி" என்றார் மாமி. அவருடைய வளவில் வேப்பமரம் நிற்கிறது.

"உங்கட வேம்பில குருவிச்சை இருக்கோ?"

"இருக்கு. நீங்கள் அண்ணாந்து பார்க்கிறேல்லை."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் மாமரக் கட்சி, வேப்பமரக் கட்சி என்று இரண்டு கட்சிகள். தேர்தல் காலத்தில்கூட இவ்வளவு சூடாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சிகளும் ஒன்றுபட்டன. அது பத்தியம். இலை மருந்தும் இங்கிலிஸ் மருந்தும் ஒரே வயிற்றில் சேரக்கூடாது என்பது எங்கள் கரையில் சட்டம் மாதிரி. யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆகவே கசாயம் தொடங்கினால் கீமோ நிற்கவேண்டும். பத்தியம் என்றால் முதலில் நிற்பது மீன். மீனும் முட்டையும் நன்றாகச் சாப்பிடச் சொன்னவர் டாக்குத்தர். அவர் எங்கள் முற்றத்தில் இல்லை. நாள் முழுக்க மீனோடு கிடக்கிற என் வீட்டில் கத்தரிக்காய் வெள்ளைக்கறி வெந்தது. மனைவியின் தலையணைக்குக் கீழே மடு மாதா கோயிலில் எடுத்த மண் ஒரு சிறு பொட்டலமாக இருந்தது. மாதா மட்டும் எந்தப் பத்தியமும் கேட்கவில்லை.

கடைசியில் இரண்டு மரத்துக் குருவிச்சை இலைகளையும் நீட்டுத் தடியால் பறித்து, எங்கள் முற்றத்தில் பாயில் காயவைத்தார்கள். காட்போட் பெட்டியையே தின்கிற எங்களூர்க் கழுதை ஒன்று வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு பாயின் ஓரத்தை மட்டும் கடித்துக்கொண்டு போனது.

"கழுதைக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் சம்மாட்டியார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கசாயம் தொடங்குவதாக முடிவு. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். போகத் தேவையில்லை என்று சபை தீர்மானித்தது. போகாமல் விடலாம் என்றபோது மனைவியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது; ஆனாலும் எல்லாரோடும் சேர்ந்து தலையை ஆட்டினேன்.

ஞாயிறு, பானை அடுப்பில் கொதிக்கையில் தம்பி வீடியோவில் வந்தான். போனைச் சம்மாட்டியார் வாங்கிக்கொண்டார்.

"தம்பி, அங்க எவ்வளவு நாளைக்குப் பத்தியம்?"

"என்ன பத்தியம்? இஞ்ச எல்லாம் சாப்பிடுறாங்கள். சொசேஜும் சாப்பிடுறாங்கள்."

"குளிர் நாடுதானே" என்று சம்மாட்டியார் எங்களுக்கு விளக்கினார். "அங்க பத்தியம் உறைஞ்சு போயிருக்கும்."

போன் கைமாறி என்னிடம் வந்தது. வழக்கமாக "சுகமோ" என்று கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுவேன். அன்று கொடுக்கவில்லை.

"மச்சான், அந்த ஊசி போடுற ஆக்கள், கீமோவை விட்டிட்டோ போடுறவை?"

"விடுறதோ? என்ன அத்தான் கதைக்கிறியள்! கீமோ குடுக்கிற டாக்குத்தரைக் கேட்டுத்தான் இதையும் போடுறது. ஏன், அக்கா போகேல்லையோ?"

"பானை அடுப்பில இருக்கு" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"இறக்குங்கோ அத்தான்! இஞ்சத்தச் செடி வேற. அதையே அவிச்சுக் குடிச்சா நஞ்சு. இவங்கள் சுத்தப்படுத்தி, அளந்து, ஊசியாப் போடுறாங்கள். உங்கட மரத்து இலையில என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் போய்ப் பானையை இறக்கினேன். சம்மாட்டியார் போனுக்குள் குனிந்தார்.

"அப்ப அந்த ஊசி நோயை மாத்துமோ, மாத்தாதோ?"

"அதுக்கு இன்னும் முடிவில்லை, சம்மாட்டியார். சிலருக்கு நித்திரை வருதாம், சாப்பாடு இறங்குதாம், களைப்புக் குறையுதாம். ஆயுளைக் கூட்டுமெண்டு உறுதியாகேல்லை. அதிலயும் ஆராய்ச்சிக்காரர் ஆளுக்கொண்டு சொல்லினம்."

"இவ்வளவுதானோ?" சம்மாட்டியாரின் முகம் விழுந்துவிட்டது. "நித்திரையும் சாப்பாடுமோ?"

அப்போதுதான் மனைவி விறாந்தையில் போட்டிருந்த படுக்கையில் எழுந்து இருந்தாள்.

"எனக்கு வேண்டியது அதுதானே, சம்மாட்டியார். இந்தக் கிழமை முழுக்க நீங்கள் எல்லாரும் இருந்து கதைச்சதில நான் கண் மூடேல்லை. மீனையும் நிப்பாட்டிப் போட்டியள். இப்ப எல்லாரும் வீட்ட போங்கோ, நான் படுக்கப்போறன். இஞ்சேருங்கோ, நீங்கள் ஒரு விளைமீன் கொண்டுவாங்கோ. தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைப்பம்."

"அப்ப நாளைக்கு?" என்று மாமி கேட்டார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறன். நீங்களும் வாறதெண்டா வாங்கோ மாமி. வழியில பத்தியம் கதைக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. மீன் இருந்த ஒரே இடம் சம்மாட்டியாரின் ஐஸ் பெட்டி. நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் பெட்டியைத் திறந்து, ஐஸைக் கிளறி, இருந்ததிலேயே பெரிய விளைமீனை எடுத்துத் தந்தார். பிறகு மாமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, அந்தச் சனியனை எப்ப வெட்டப்போறாய்?"

"ஏறுறன்" என்றேன்.

அடுத்த நாள் விடியப் பஸ் ஏறினோம். மாமியும் வந்தார். ஊரைவிட்டு வெளியேறும் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்னரே மனைவி என் தோளில் நித்திரையாகிவிட்டாள். பின்சீற்றில் இருந்து மாமி எட்டி, வேப்பமரத்தைப் பற்றி ஏதோ தொடங்கினார். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன்.