பௌர்ணமியன்று என் திரைக்குள் வந்தவள்

கூட இருந்தே குழி பறித்தாள் என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் சிரிப்பேன். சீரியல் வசனம் என்று கிண்டல் செய்வேன். இப்போது வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

அவள் என் சிநேகிதி. அவளுக்கும் எனக்கும் ஊர் கீழ்பென்னாத்தூர். ஒரே பஸ்ஸில் இடிபட்டுப் போய் இன்ஜினியரிங் படித்தோம். அவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் கல்யாணமாகி வேங்கிக்காலுக்கு வந்தேன், பெண் பிறந்தாள், நான்கு வருடம் வேலைக்கே போகவில்லை. பிறகு எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் முதல் கேள்வி, ‘இந்த கேப்ல என்ன பண்ணீங்க?’ பிள்ளையை வளர்த்தேன் என்றால் ‘ஓகே, ஓகே’ என்று தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். வீட்டிலிருந்தே செய்கிற ஒரு வேலை எனக்கு வேண்டும். அதற்கு, இதை நான்தான் செய்தேன் என்று காட்ட ஏதாவது ஒன்று வேண்டும்.

அதற்காகத்தான் அந்த டூலை எழுதினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி எரிச்சல். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஸ்கேனிங் கடையில் அப்போது தினமும் அரை நாள் வேலை பார்த்தேன். பட்டா, மனு, வாரிசுச் சான்று என்று வந்து குவியும். மெஷின் எல்லாவற்றுக்கும் வெறும் நம்பரைப் பெயராக வைக்கும். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பெயர் மாற்றினால் கை ஒடிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கிற டூல்கள் ஆங்கிலப் பெயர்களை அழகாக மாற்றின. தமிழைக் கண்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்த்துப் போட்டன. போங்கடா என்று நானே எழுத உட்கார்ந்தேன்.

கறுப்புத் திரையில் ஒரு வரி கமாண்ட் அடித்தால் போதும். எந்த ஃபைல் எந்தப் பெயருக்கு மாறப்போகிறது என்று முதலில் வரிசையாகக் காட்டும். பிறகு ‘மாற்றலாமா?’ என்று தமிழிலேயே கேட்கும். ‘ஆ’ அடித்தால் மாற்றும், ‘இ’ அடித்தால் விட்டுவிடும். என் பெண்ணை வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரையே அதற்கு வைத்தேன். உள்ளே இருந்த எல்லா ஃபைல்களும் அந்தப் பெயரில்தான் தொடங்கும்.

எழுதும்போது என் சிநேகிதி உதவினாள், இல்லை என்று சொல்லமாட்டேன். என் லேப்டாப்பில் டெர்மினல், அதாவது அந்தக் கறுப்புத் திரை, எப்போதும் திறந்திருக்கும். சாவி மாதிரி ஒரு சின்ன ஃபைல் கையில் இருந்தால் எங்கிருந்தும் அதற்குள் வரலாம். அவள் சென்னையில் அடிப்பது எழுத்தெழுத்தாக என் திரையில் ஓடும், நான் அடிப்பது அவள் திரையில் ஓடும். தப்பாக அடித்தால் ‘ஏய் லூசு, அந்த வரியப் பாரு’ என்று அங்கேயே எழுதிச் சிரிப்போம். என் போனிலும் அதைப் போட்டிருந்தேன். சிக்னல் போனாலும் அறுந்துபோகாத வகை அது. திரும்ப வந்ததும் விட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சாவியை அவளுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தேன். என் வீட்டுக்காரரிடம்கூட இல்லை.

ஓப்பன் சோர்ஸாக விட்டுவிடுவது என்று முடிவு. யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். எழுதியவர் பெயர் மட்டும் முகப்பில் இருக்கும். எனக்கு அந்தப் பெயர் போதும். சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், நீங்கள் செய்த ப்ராஜெக்ட் ஒன்றின் லிங்க்கை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது. பௌர்ணமி முடிந்ததும் டூலை இணையத்தில் ஏற்றி அனுப்பலாம் என்றிருந்தேன். அந்தக் கம்பெனியைப் பற்றி முதலில் சொன்னதும் அவளிடம்தான்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் போன் செய்தாள்.

‘நாளைக்கு எங்க இருப்ப?’

‘செங்கம் ரோட்டுலடி. மாமியார் வீட்டு அன்னதானம். லெமன் சாதம் போடணும்.’

‘அங்க சிக்னல் சுத்தமா இருக்காதே?’

‘எங்க இருக்கும்? கிரிவலத்துக்கு வர்ற ஜனம் ஜாஸ்தி.’

‘சரி சரி. எனக்கும் சேத்து சாமி கும்புடு’ என்றாள், பாவி.

மறுநாள் சாயங்காலம், சாதம் போட்டுக் கை ஓய்ந்து, அதே ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கடை ஓரமாக நின்று போனைப் பார்த்தேன். எப்படியோ ஒரு கோடு சிக்னல் வந்திருந்தது. டெர்மினல் தானாக ஒட்டிக்கொண்டது. திரையில் யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ என்ன, அவள்தான். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. நான் சாதம் போடும்போது என் வேலையை அவள் பார்க்கிறாளே என்று நினைத்தேன்.

முகப்பு ஃபைல் திறந்திருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. அந்த இடத்தில் அவள் பெயர் ஏறியது. முதலில் எனக்குப் புரியவே இல்லை. பிறகு அவள் என் டூலையே ஓட்டினாள். இடது பக்கம் என் பெண்ணின் பெயரில் தொடங்குகிற ஃபைல்கள், வலது பக்கம் நான் கேள்விப்பட்டிராத ஏதோ ஒரு ஸ்டைலான பெயர். கீழே, நான் எழுதிய கேள்வி: மாற்றலாமா?

நான் ‘இ’ அடித்தேன்.

டூல் விட்டுவிட்டது. கை தவறிவிட்டது என்று நினைத்திருப்பாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி கேட்டது. மறுபடி ‘இ’ அடித்தேன். கர்சர் அப்படியே நின்று மின்னிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை எழுதுவாள், சாரிடி என்றாவது அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அடித்தது, மற்றவர்களை வெளியே தள்ளுகிற கமாண்ட். என் லேப்டாப்பிலிருந்தே என்னை வெளியே தள்ளினாள். சிக்னலும் போய்விட்டது.

‘யம்மா, போன அப்பறம் பாரு, ஜனம் நிக்குது’ என்றார் மாமியார். கரண்டியை எடுத்துக்கொண்டேன். யாருக்கு என்ன போட்டேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் லேப்டாப்பில் டூல் இல்லை. துடைத்து வைத்திருந்தாள். இணையத்தில் இருந்தது, புதுப் பெயரில், அவள் எழுதியதாக. அவள் போனை எடுக்கவே நான் விடிய விடிய அடிக்க வேண்டியிருந்தது.

‘ஓப்பன் சோர்ஸ் தானடி. யார் வேணா எடுக்கலாம்னு நீதான சொன்ன?’

‘எடுத்துக்கோ. என் பேர ஏன்டி அழிச்ச?’

‘என்ன வேலைய விட்டு தூக்கிட்டாங்கடி. உனக்கு உன் வூட்டுக்காரர் சம்பாதிக்கிறாரு. எனக்கு யாரு இருக்கா?’

வேலை போனதை என்னிடம் சொல்லியிருந்தால், இரண்டு பெயரையும் போடு என்று நானே சொல்லியிருப்பேன். அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். கேட்டால் கொடுக்கிறவளிடம் வந்து திருடினாள்.

காட்ட எதுவும் இல்லாமலேயே அந்தக் கம்பெனி இன்டர்வியூவில் உட்கார்ந்தேன். வீடியோவில் ஒரு பெண்மணி, நல்ல மாதிரி. தமிழ் ஃபைல் பெயர்கள் எங்கே உடைகின்றன, எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

‘உங்க ஃப்ரெண்ட்கிட்ட நல்லா கத்துக்கிட்டிருக்கீங்க’ என்றார். ‘அவங்க செஞ்ச தமிழ் டூலைக் காட்டி இப்பதான் இங்க சேந்தாங்க. அவங்கதான் உங்களை சிபாரிசு பண்ணாங்க. அவங்க டீம்ல, அவங்களுக்குக் கீழ ஒரு இடம் இருக்கு. அந்த டூலைத்தான் நீங்க பாத்துக்கணும். ஓகேவா?’

அது நான் எழுதினது மேடம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கையில் ஒரு அத்தாட்சியும் இல்லை. பக்கத்து அறையில் என் பெண் சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். இதை விட்டால் வேறு யார் என்னைக் கூப்பிடப்போகிறார்கள்? மானம், ரோஷம் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ‘ஓகே மேடம்’ என்றேன்.

இப்போது என் டூலில் நான் எதைத் திருத்தினாலும் அவள் பார்த்துச் சரி சொன்னால்தான் உள்ளே போகும். சொல்லிவிடுவாள், ஒருநாளும் குறை சொன்னதில்லை. போன வாரம் மீட்டிங் முடிந்து எல்லோரும் போனபின் அவள் மட்டும் இருந்தாள்.

‘இன்னும் கோவமாடி?’ என்றாள்.

‘வேற ஏதாவது வேலை இருக்கா மேடம்?’ என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். கேமராவை அணைக்கக்கூட இல்லை. நான் சமாதானம் சொல்லவில்லை, கட் செய்யவும் இல்லை. அழட்டும் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.