கலிங்கத்தில் வெட்டப்படாத வரிகள்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம், வோபர்னில் தமிழ் முதியோர் ஒன்றுகூடல் ஒன்றில் வரலாறு பேசும்படி என்னைக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவன் நான். புலம்பெயர்ந்து இங்கே வந்தபிறகு இருபத்தாறு வருடம் கார்களின் கதவுகளுக்கு ரப்பர் பொருத்தும் தொழிற்சாலையில் நின்றேன். அத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் ரோமைப் பற்றியோ பாரசீகத்தைப் பற்றியோ கேட்டதில்லை. அதனால் ஒன்றுகூடலை நடத்துகிற அண்ணை தொலைபேசியில் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு மரியாதைக்குக்கூட நான் சொல்லவில்லை, உடனே ஓம் என்றேன்.

புதன்கிழமைகளில் காலை பத்தரைக்கு, ஐந்து வாரம். பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கங்களை ஒட்டி, ஸ்பெயினிலிருந்து சீனம்வரை ஒரே நீளப் படமாக வரைந்துகொண்டு போனேன். சுவரில் அதை ஒட்டவே இரண்டுபேர் தேவைப்பட்டார்கள். முதல் வாரம் ரோம். அடுத்தது பாரசீகமும் பார்த்தியரும். மூன்றாம் வாரம் ஹான் சீனம். ரோமின் சீமாட்டிகள் சீனப் பட்டு உடுத்தினார்கள், ஆனால் அதை நெய்தவர்களை ஒருநாளும் கண்டதில்லை, நடுவில் நின்ற பார்த்தியர் இரு பக்கத்தையும் சந்திக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னபோது கூட்டம் சிரித்தது. சனம் கூடிக்கொண்டே வந்தது. மேலதிகமாகக் கதிரைகள் கொண்டுவந்து போட்டார்கள்.

அவர்களுக்குப் பிடித்தது பருமன். எத்தனை ஆயிரம் மைல் வீதி, எத்தனை யானை, எத்தனை படையணி. படை வந்ததால் வீட்டையும் வளவையும் விட்டு ஓடிவந்தவர்கள், எவனோ ஒருவனுடைய படை நகரங்களைப் பிடித்த கதையைக் கேட்டுக் கண்கள் மினுங்க இருந்தார்கள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டே நான் யானைகளைக் கூட்டினேன். கைதட்டு எனக்கு வேண்டியிருந்தது.

நான்காம் வாரம் மௌரியர். கலிங்கப் போரை நான் எப்போதுமே நன்றாகச் சொல்வேன். ஒரு லட்சம்பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம்பேர் பிடித்துச் செல்லப்பட்டதையும், வென்ற பேரரசனே மனம் நொந்து கல்வெட்டில் பொறித்ததையும் சொன்னேன். உலகத்தில் எந்தப் பேரரசன் தன் வெற்றிக்காக வருந்தினான் என்று கேட்டு நிறுத்தினேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

அப்போது பின்னால், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் எழும்பினார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ஒவ்வொரு வாரமும் வருவார், கதைக்கமாட்டார். அவருடைய மகள் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“மாஸ்ரர், அந்தக் கல்லு எங்கை கிடக்குது? அந்தச் சனத்தின்ரை இடத்திலையோ?”

எனக்கு விடை தெரியும். அந்த வருத்தம் பேரரசின் மற்ற மூலைகளில் பாறைகளில் வெட்டப்பட்டிருக்கிறது. கலிங்கத்தில் இருக்கிற பாறைகளில் மட்டும் அந்தப் பகுதி இல்லை. அங்கே வேறு வரிகளை வெட்டியிருக்கிறார்கள், அதிகாரிகளுக்கான கட்டளைகள். படித்த காலத்திலேயே இதை அறிந்திருந்தேன். ஆனால் கண்ணைத் துடைத்த மனிதர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கன இடங்களிலை இருக்குது அக்கா” என்றேன். நேரம் முடிந்துவிட்டது என்றும் சொன்னேன். அண்ணை எழும்பி எனக்கு நன்றி கூறினார்.

அடுத்தநாள் அண்ணையிடம் அந்த அக்காவின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, அழைத்துக் கேட்டுவிட்டு, பஸ் எடுத்து மோர்னிங்சைட்டுக்குப் போனேன். அக்கா அங்கே மகன் குடும்பத்தோடு ஒன்பதாம் மாடியில் இருந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். தேநீர் தந்தார். நான் கோப்பையைத் தொடாமல், கலிங்கத்துப் பாறைகளில் என்ன இல்லை என்பதைச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“நான் மகளைப் பற்றி மூண்டு விசாரணை ஆணைக்குழுவுக்கு முன்னாலை இருந்து சொன்னனான்” என்றார். “ஒவ்வொரு முறையும் எழுதினவை. பிறகு அதை ஜெனீவாவிலை உலகநாடுகளுக்கு முன்னாலை வாசிச்சவை எண்டு ரேடியோவிலை கேட்டன். என்ரை வீட்டுப் படலையிலை வந்து நிண்டு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உது உங்களுக்கு நேற்றே தெரியுமோ?”

“ஓம்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

எல்லாரும் சந்தோசமாக இருந்தார்கள் என்று சொன்னேன். அவர் என் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தேநீர் நிறைந்தபடியே இருந்தது. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

ஐந்தாம் வாரம் பேரரசுகளின் வீழ்ச்சி. ரோமில் படைத்தளபதிகள் அரியணைக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதையும், ஹான் அரசில் பசித்த விவசாயிகள் தலையில் மஞ்சள் துணி கட்டிக் கிளம்பியதையும் பத்து நிமிடத்தில் முடித்தேன். கடைசி மௌரியன் தன் படையைப் பார்வையிட்டுக்கொண்டு நின்றபோது சொந்தத் தளபதியின் கையால் செத்தான் என்றேன். பிறகு கலிங்கத்துக்குத் திரும்பினேன். போன வாரம் கேட்ட கேள்விக்கு நான் உண்மையை மறைத்துப் பதில் சொல்லிவிட்டேன் என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். வீழ்ந்த பேரரசுகளுக்காக நாங்கள் பெருமூச்சு விடுகிறோம், அவற்றின் காலடியில் கிடந்தவர்கள் ஆரென்று ஒருநாளும் தேடுவதில்லை என்றும் சொன்னேன். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அந்த அக்காவின் கதிரை வெறுமையாக இருந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. போன வாரம் கண்ணைத் துடைத்தவர், அவ்வளவு பெரிய மன்னனைக் கொச்சைப்படுத்தக்கூடாது என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். படத்தைச் சுவரிலிருந்து கழற்ற உதவிக்கு ஒருவரும் வரவில்லை. நானே இழுத்தபோது பாரசீகத்துக்குக் கிட்டக் கிழிந்தது.

இன்னும் ஐந்து வாரம் பேசவேண்டும் என்று முன்னர் கேட்டிருந்த அண்ணை அந்த வெள்ளிக்கிழமை அழைத்தார். சனம் மன ஆறுதலுக்குத்தானே வருகுது மாஸ்ரர் என்றார். இனிப் புதன்கிழமைகளில் கதிரையில் இருந்தபடி செய்யும் உடற்பயிற்சி என்றார். என்னால் அவரைக் குறைசொல்ல முடியாது. நான்கு வாரம் அந்த ஆறுதலை ஊற்றிக்கொடுத்தவன் நான்தான்.

பனி கரைந்தபிறகு ஒருநாள் எக்லின்ரன் பஸ் தரிப்பிடத்தில் அந்த அக்காவைக் கண்டேன். கையில் மருந்துப் பை. கடைசி நாள் எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தது எவ்வளவு மடத்தனம் என்று சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கியது.

“நான் இல்லாத நேரம் அவையளுக்குச் சொன்னியள்” என்றார். “எல்லாருக்கும் முன்னாலை கேட்டது நானெல்லோ.”

பஸ் வந்தது. அவர் ஏறி, முன்பக்கம் ஒரு இடத்தில் இருந்தார். என்னுடைய பஸ்ஸும் அதுதான். நான் ஏறவில்லை. அடுத்ததுக்குப் பதினெட்டு நிமிடம் நின்றேன்.