ரேடியேட்டருக்கு மஞ்சள்தூள்

போன மாதம் என் சின்ன மாமனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவருடைய மகன் ஒரு பழைய தகர டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். மூடி துருப்பிடித்திருந்தது. உள்ளே மஞ்சள்தூள் கட்டியாகிக் கிடந்தது. "உங்க கல்யாணத்து நெனப்புங்க அண்ணி, நீங்களே வெச்சுக்குங்க" என்றான். சின்ன மாமனார் என்றால் என் கணவரின் சித்தப்பா. ஏற்காட்டில் சொந்தக் கார் வைத்திருந்த சிலரில் அவரும் ஒருவர் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. செத்தவரைப் பற்றி இப்படிப் பேசக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது பேசாமல் இருந்து நான் என்ன கண்டேன்?

அந்தக் கறுப்புக் காரை அவர் கவனித்துக்கொண்ட அழகு ஊரறிந்தது. விடிந்ததும் துடைப்பார். பளபளக்கும் பம்பரில் முகம் பார்த்து மீசையைத் திருத்திக்கொள்வார். ஒண்டிக்கடை முக்கில் நிறுத்திவிட்டு டீ குடிக்கும்போது யாராவது வண்டிமேல் சாய்ந்தால் சண்டைக்குப் போவார். ஆனால் பானெட்டுக்கு அடியில் இருப்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம். எஞ்சின் ஆயில் தார் மாதிரி கிடக்கும். பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் என்ற பேச்சே மலையில் இல்லாத காலம். ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர்தான், அதையும் ஓடையில் மொண்டு சேறோடு ஊற்றுவார். ஒழுகினால் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மஞ்சள்தூள். ஒரு பிடி அள்ளிப் போட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். வழியில் அவசரத்துக்கு எல்லா டிரைவர்களும் செய்வதுதான்; ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒர்க்‌ஷாப்பில் விட்டுச் சரிசெய்துகொள்வார்கள். இவர் வருஷக்கணக்காக மஞ்சளிலேயே ஓட்டினார். ஓட்டையை அடைக்கிற மஞ்சள், தண்ணீர் ஓடும் வழியையும் அடைக்கும் என்று யார் அவரிடம் சொல்வது?

என் அப்பா சொன்னார். அவர் சேலத்தில் ஒரு பஸ் ஷெட்டில் மெக்கானிக். கல்யாணத்துக்கு முந்தின நாள், என்னை மலைக்கு அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் சார்பில் சின்ன மாமனார் காரோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். காருக்கு அடியில் மஞ்சளாகச் சொட்டியிருந்ததை அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். "ரேடியேட்டரக் கழட்டிக் கழுவி, ஹோஸ் கொழாயும் மாத்தோணுமுங்க. ரெண்டு மணி நேரத்து வேலைதானுங்க, நானே பண்ணிக் குடுத்தர்றேன்" என்றார். சின்ன மாமனார் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "பஸ்ஸு நோண்டற கையிங்க அது. எங்கூட்டுக் காருமேல வெக்க வேண்டாமுங்க" என்றார். பேச்சில் 'ங்க' போட்டுவிட்டால் மரியாதை ஆகிவிடும் என்று நினைத்த மனிதர். அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். பெண்ணைக் கொடுக்கிறவர் வேறென்ன செய்வார்?

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். சொந்தக்காரர்கள் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். காரில் அவரும் அப்பாவும் முன்னால், அம்மாவும் நானும் பின்னால். பாதி மலை ஏறியிருப்போம்; ஒரு கொண்டை ஊசி வளைவில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறிக்கொண்டு வர, வண்டி நின்றது. அப்பா இறங்கிப் பார்த்தார். "நொம்பக் கொதிக்குதுங்க. ஒரு அரை மணி ஆறட்டும், அப்பறம் மூடியத் தொறக்கலாமுங்க" என்றார். சின்ன மாமனாரும் சரியென்று தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துக் கீழ் வளைவில் ஒரு ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. நாகலூர் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் ஜீப். அந்த ரைட்டரிடம் வாராவாரம் தன் காரின் பெருமையை அளப்பவர் இவர். ஆவி விடுகிற காரோடு அவர் கண்ணில் படலாமா?

"முகூர்த்தம் போயிருமுங்க சம்மந்தி. இத்தன வருசம் மெக்கானிக்கா இருந்துபோட்டு ஒரு மூடியத் தொறக்கப் பயப்படறீங்களே? பொண்ணு கல்யாணம் நடக்கோணுமா, வேண்டாமா?" என்றார்.

அப்பா துண்டை நாலாக மடித்து மூடிமேல் வைத்துத் திருகினார். மூடி கையை மீறித் தெறித்தது. வலது கையில் முழங்கை வரைக்கும் மஞ்சளாகக் கொதிநீர். அம்மா அலறினாள். டிக்கியில் குடத்தில் வைத்திருந்த தண்ணீரை எடுத்த சின்ன மாமனார், வெந்த கையில் ஒரு சொட்டு விடாமல் நேரே ரேடியேட்டரில் கவிழ்த்தார். அந்த வலியிலும் அப்பா, "மெல்ல ஊத்துங்க, எஞ்சின் ஹெட்டு விரிசல் உட்டுரும்" என்றார். ஜீப் வந்து நின்றது. அதில் ஏறி நாங்கள் மூவரும் போயிருக்கலாம்; ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் அப்பாவின் கைக்கு மருந்து போட்டிருக்கலாம். சின்ன மாமனார் அப்பாவை மறைத்துக்கொண்டு நின்று, "பொண்ணுக்கு மயக்கமா வருதுன்னுச்சுங்க, அதான் நிறுத்துனேன். நீங்க போங்க" என்று சிரித்து அனுப்பினார். அப்புறம் டாஷ்போர்டிலிருந்து இந்த டப்பாவை எடுத்து, ரேடியேட்டருக்கு ஒரு பிடி போட்டுவிட்டு, மிச்சத்தை அப்பாவின் கையில் அப்பினார். இரண்டுக்கும் ஒரே மருந்து.

மணவறையில் தாரை வார்க்கும்போது அப்பா என் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். அம்மா தண்ணீர் ஊற்றினாள். கொப்புளத்தின் மேல் தண்ணீர் பட்டதும் அவர் கை நடுங்கியது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. "பாவம், பொண்ணக் குடுக்கறமேன்னு நடுங்கறாரு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். புண் ஆறியது, இரண்டு விரல் கடைசி வரை மடங்கவில்லை. ஸ்பேனர் பிடிக்க முடியாமல் அப்பா ஷெட்டில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார்.

சின்ன மாமனாரை நான் இகழ்வதில் பாதி எனக்கும் சேரும். அப்பா எஞ்சினுக்குள் கை விடுகிறவர், வாட்ச் கட்டுவதில்லை. அன்று பனிமூட்டத்தில் வெயிலும் தெரியவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த புது வாட்ச் என் கையில் இருந்தது. முகூர்த்தம் போய்விடும் என்று சின்ன மாமனார் அவசரப்படுத்தியபோது மணி ஏழு பத்து. முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். அங்கிருந்து கல்யாணம் நடக்கும் மாப்பிள்ளை வீடு அரை மணி நேரம்கூட இல்லை. கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாதென்று தலையைக் குனிந்து, அந்த வாட்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எங்கள் காரில் பச்சைக் கூலண்ட் ஊற்றுகிறோம். வாராவாரம் அதன் அளவைப் பார்ப்பது நான்தான், எஞ்சின் ஆறிய பிறகு.

டப்பாவைக் கொடுத்துவிட்டு, காரியத்துக்கு வந்தவர்களிடம் கொழுந்தன் கதை சொல்லிக்கொண்டிருந்தான்: "மஞ்சளப் போட்டே வண்டிய மேல ஏத்தி, முகூர்த்தத்துக்குப் பொண்ணக் கொண்டாந்து சேத்துட்டாருங்க எங்கப்பா." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் டப்பாவோடு எழுந்து, "அன்னிக்கு முகூர்த்தத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு தம்பி" என்றேன்.

அவன் சிரித்தான். "அட உடுங்க அண்ணி, அத இப்பச் சொல்லி என்னாகப் போவுது?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அப்பா துண்டை மடித்துக்கொண்டிருந்தபோது நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.