ரொக்கமாக வாங்கிய கார்

கார் வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான், என் கணவர் இல்லை. அவருக்குக் காரைக்குடியில் சின்னதாக ஒரு எலக்ட்ரிகல் கடை. வீட்டுக்கும் கடைக்கும் பைக் போதும் என்பார். அவருடைய அப்பா வட்டிக்கு வாங்கி நிலத்தை விட்டவர் என்பதால் வட்டி என்ற சொல்லே அவருக்கு ஆகாது. நான் ஒரு தனியார் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை.

ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எங்களை யாரோ ஒரு உறவினரின் காரில் ஏற்றிவிட்டார்கள். இடம் போதவில்லை. அவர்கள் வீட்டுத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தேன். முன்னால் இருந்த பெண் திரும்பி, நீங்கள் இன்னும் ஒன்றும் வாங்கவில்லையா அக்கா என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அது பல நாள் உள்ளேயே கிடந்து உறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் என் கிரெடிட் கார்டு வங்கியிலிருந்து போன் வந்தது. கார்டில் எதை வாங்கினாலும் ஒரு வருடத் தவணையாக மாற்றிக்கொள்ளலாம், வட்டியே கிடையாது என்று போனில் பேசிய பெண் சொன்னாள். ஒரு தவணை தவறினாலும் சலுகை போய்விடும், மொத்தத்துக்கும் வட்டி விழும் என்பதையும் சொன்னாள். அதை நான் கேட்டேன். கேட்டும் அது எனக்கான நிபந்தனை என்று தோன்றவில்லை. வட்டிக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான், எனக்கா தவறும் என்று இருந்தேன். கணவரிடம் பேப்பரில் போட்டுக் காட்டினேன். "வட்டி இல்லைன்னா சரி" என்று அரை மனதாகச் சொன்னார்.

திருப்பத்தூரில் பழைய கார் விற்கும் இடத்தில் ஒரு வெள்ளை வண்டி பார்த்தோம். சேமிப்பு பாதி, கார்டு பாதி. அம்மன் கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி ஓட்டியபோது, என் சம்பளத்தில் பெரும்பங்கு இனி ஒரு வருடத்துக்கு எனக்கு இல்லை என்பது மறந்தே போயிருந்தது.

கல்லலில் விவசாயம் பார்க்கும் என் அண்ணனுக்குப் போன் செய்தேன். அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தது அவர்தான். கார் வாங்கிவிட்டோம், ஒரு பைசா வட்டி இல்லாமல் வாங்கினோம் என்றேன். அண்ணனுக்குக் கார்டும் தவணையும் தெரியாது. வட்டி இல்லை என்றால் அவர் அறிந்தவரை கைக்காசுதான். பக்கத்தில் நின்றவரிடம் அவர் சொல்வது போனிலேயே கேட்டது: "எந்தங்கச்சி கார் வாங்கிருச்சுப்பா. முழுசும் ரொக்கம்."

இல்லை அண்ணே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்கு இனித்தது. பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த விசேஷத்துக்குள் சொந்தபந்தம் முழுவதும் நாங்கள் ரொக்கமாகக் கார் வாங்கியவர்கள் ஆகிவிட்டோம்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கணவர் கடையில் இருந்தார். கை கழுவி, சாப்பிட்டு, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் வெகுநேரம் ஊர்ப்பேச்சே பேசினார். ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மெல்லச் சொன்னார். போர் மோட்டார் எரிந்துவிட்டது. கண்மாயில் தண்ணீர் இல்லை. நெல் பால் பிடிக்கிற நேரம். புது மோட்டார் இறக்கப் பணம் வேண்டும், அறுத்ததும் திருப்பித் தந்துவிடுவார்.

"மாப்ளைக்குத் தெரிய வேணாம்த்தா. எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார்.

அன்று என்னிடம் மாதக் கடைசிவரைக்குமான செலவுப் பணம் மட்டுமே இருந்தது. அதை அப்படியே சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால் கார் கடனில் வாங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் ரொக்கம் என்று சொல்லித் திரிந்தவரிடம் எப்படிச் சொல்வது?

"பணமெல்லாம் டெபாசிட்ல கெடக்குண்ணே. இப்ப எடுக்க முடியாது" என்றேன்.

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எடுக்க வேணாம், எடுக்க வேணாம். பாதியில ஒடச்சா வட்டி போயிரும்ல" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்.

பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று காரை எடுத்தேன். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்காராமல் வந்தார். வழியெல்லாம் வண்டியைப் புகழ்ந்தார். பஸ் கிளம்பும்வரை நிற்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. பள்ளியில் வேலை இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். மாலையில் கணவரிடம், அண்ணன் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார் என்றேன்.

பங்குனியில் ஒரு காதுகுத்தில் அண்ணனின் மனைவி, என் மதினியைப் பார்த்தேன். வழக்கம்போல் சிரித்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, விளைச்சல் எப்படி என்று கேட்டேன். பாதிக்கு மேல் பதர் என்றார். அப்புறம் இலையைப் பார்த்தபடி, "தங்கச்சிகிட்டப் போயிக் கேட்டிருக்கக் கூடாதுன்னு ஒங்கண்ணன் இன்னமும் சொல்லிக்கிட்டே இருக்காக" என்றார். கேட்டதற்காக அண்ணன் கூசிக்கொண்டிருக்கிறார், நான் காரில் வந்து இறங்கியிருக்கிறேன்.

அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லும்படி ஆனது, எங்கள் பள்ளியில் மே மாதச் சம்பளத்தைப் பள்ளி திறந்த பிறகுதான் தருவோம் என்று சொல்லிவிட்டபோது. தவணை தவறியது. கார்டுக்காரர்கள் எச்சரித்தபடியே மீதித் தொகை முழுவதற்கும் வட்டி போட்டார்கள். அடுத்த மாதம் அந்த வட்டிக்கும் சேர்த்து வட்டி வந்தது. கணவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் மோட்டாருக்குப் பணம் கேட்டு வந்ததையும், நான் டெபாசிட் என்று சொல்லி அனுப்பியதையும் சொன்னேன்.

வட்டி விழுந்ததைக் கேட்டு அவர் கத்துவார் என்று நினைத்திருந்தேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மோட்டாரா கேட்டாரு?" என்றார். ஆமாம் என்றேன்.

"நான் என்ன கடை வச்சிருக்கேன்? மதுரைக்கு ஒரு போன் போட்டா கடனுக்கே மோட்டார் வந்து எறங்கும். அறுத்து வித்துட்டுக் குடுத்திருப்பாரு. கையில இல்லைன்னு ஒரு வார்த்தை உன்னால சொல்ல முடியலையா?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

காரைத் திருப்பத்தூரில் வாங்கிய இடத்திலேயே கொண்டுபோய் விட்டோம். வாங்கிய விலைக்கு நல்ல நஷ்டம். கார்டுக் கடன் அடைந்தது, சேமிப்பிலிருந்து போட்டதில் கொஞ்சம்தான் திரும்பியது. அந்த வாரமே நான் பஸ் ஏறிக் கல்லலுக்குப் போனேன். கணவர் கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அண்ணன் வீட்டையொட்டிய களத்தில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார். கார் எங்கே என்று கேட்டதும் சொல்ல ஆரம்பித்தேன். ரொக்கம் இல்லை, கார்டு. டெபாசிட் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முடித்ததும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

"அப்ப இல்லாமத்தான் இல்லைன்னியாத்தா. நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்" என்றார்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மதினிக்குப் போதவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு, காபியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"இல்லைன்னு சொல்லிருந்தா அவுக வேற எடத்துல பெரட்டிருப்பாக. இருந்தும் நீ குடுக்கலைன்னு நெனச்சுக்கிட்டு வந்து, கூடப்பொறந்தவகிட்டயே கெடைக்கலை, இனி யார்கிட்டப் போயி நிக்கன்னு படுத்துட்டாக. அதுக்கப்பறம் ஒருத்தரையும் கேக்கலை. எங்கழுத்துச் சங்கிலியக் கழட்டிக் குடுத்தேன், அதையும் வாங்க மாட்டேன்னுட்டாக. பயிரு கண்ணு முன்னாடி காஞ்சுச்சு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் மதினி என்றேன். அதற்கு அவர், காபி ஆறிவிடும் குடி என்றார்.

இப்போதும் போக்குவரத்து இருக்கிறது. பொங்கலுக்கு அண்ணன் வருகிறார், நாங்கள் போகிறோம். இந்த வருடம் கண்மாய் நிறையவில்லை என்று கேள்விப்பட்டு, நானே கொஞ்சம் பணம் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். மோட்டாருக்கு வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று நீட்டினேன்.

"இருக்குத்தா. எங்கிட்டப் பணம் இருக்கு. நீ வச்சுக்க" என்றார்.

உண்மையாகவே இருக்கிறதா, என்னிடம் வாங்கக்கூடாது என்று சொல்கிறாரா, அவர் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. மதினி அடுப்படியில் இருந்தார், வெளியே வரவில்லை. பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.