ஒரு டம்ளர் நல்ல தண்ணீர்

ஆவடித் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெஷினில் வேலை பார்த்தவர் அவர். ஒல்லி. எண்ணெய் காணாத தலை. யாரிடமும் வலியப் போய்ப் பேசமாட்டார். ஞாயிறுதோறும் காசிமேட்டில் படகேறித் தூண்டில் போட்டு நாக்கு மீன் பிடித்து வருவார். படுத்த படுக்கையாகிவிட்ட அவர் மனைவிக்கு, முள் குறைந்த அந்த மீன்தான் தொண்டையில் இறங்கியது.

தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் பழைய ரீல் உப்பேறி இறுகிப்போனதும், புதிது வாங்க என்னையும் பர்மா பஜாருக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் உருண்டையான பெரிய ரீல் ஒன்றையும், உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான ஒன்றையும் எடுத்து வைத்தார். எனக்கு ரீலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பெரியதுதான் உழைக்கும் என்று அடித்துச் சொன்னேன். அவர் தட்டையானதை எடுத்து, நரம்பு சுற்றும் உருளைமேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"கடலுக்குப் போய்ட்டு வந்தா நல்ல தண்ணில கழுவணும் நைனா. எங்க ஊட்டு போர் தண்ணியே உப்பு. குடிக்க லாரித் தண்ணிதான். பெர்சுக்கு ஒரு சொம்பு ஓணும், இதுக்கு ஒரு டம்ளர் போதும். அவ குடிக்கிற தண்ணில எவ்ளோதான் எடுக்கறது?"

அந்த அம்மா இறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கடலுக்குப் போவதை அவர் நிறுத்தியிருந்தார். ஆனாலும் வாசலில் குந்தி, அன்று வாங்கிய அந்தத் தட்டையான ரீலைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குடம் நிறைய லாரித் தண்ணீர்.

"இப்ப தண்ணி மீந்துகினே கீது நைனா," என்றார், தலை நிமிராமல்.