தாழ்வுபாட்டுக் கடற்கரையில் ஒரு சிவப்பு விண்மீன்

மன்னாருக்கு நான் போனது சுற்றுலாக்காரர் தேடிவரும் பருத்த பெருக்க மரத்தையோ கழுதைகளையோ பார்க்க அல்ல. ரியாஸ் நானா கூப்பிட்டார். எருக்கலம்பிட்டியில் சீமெந்துக் கடை வைத்திருக்கும் அவர், இருபது வருடமாக ஒளி மாறும் விண்மீன்களைக் கண்ணால் அளந்து வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு அனுப்பி வருகிறார். எல்லா விண்மீனையும் எல்லா நாளும் பார்க்க அவர்களுக்கு முடியாது. அந்த இடைவெளியை எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர் நிரப்புகிறோம். நான் வவுனியாவில் இருந்து அளப்பவன், அனுபவம் குறைவு.

தெற்கு வானத்தில் ஒரு சிவப்பு விண்மீன். நானாவின் அளவுகளில் மட்டும் அது சில மாதங்களாகப் பிரகாசமாகிக்கொண்டே வந்தது. ஒருமுறை சரிபார்க்க முடியுமா என்று ஆய்வாளர் ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்.

"தம்பி, நட்சத்திரம் பிழையோ, நான் பிழையோ தெரியேல்ல. வந்து பக்கத்தில நிண்டு பாருங்கோ," என்றார் நானா தொலைபேசியில்.

மாசி அமாவாசைக்கு மறுநாள் புறப்பட்டேன். வவுனியாவிலிருந்து மன்னார் சுமார் எண்பது கிலோமீற்றர். பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம். மஃரிப் தொழுகை முடிந்ததும் தாழ்வுபாட்டுக் கடற்கரைக்கு நானாவின் வான் வண்டியில் போனோம். ஓட்டியது நானாவின் மனைவி நஸீரா அக்கா. வழமையாக ஓட்டும் நானா பக்கத்துச் சீற்றில் இருந்தார். ஏன் என்று விளங்கவில்லை.

வலை காயப்போட்டிருந்த ஒருவர் எங்கள் இருகண் தொலைநோக்கியைப் பார்த்து, "இந்தியாவையோ பாக்கிறியள்?" என்றார். "அதைவிடத் தூரம்," என்றேன். நம்பவில்லை போலிருந்தது.

அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டுத்தான் அளப்போம். எண் கூடினால் ஒளி குறைவு. ஒருவர் அளவை மற்றவர் அறியாமல் எழுதினோம். எனக்கு 5.9. நானாவுக்கு 5.3. சிவப்பை உற்றுப் பார்த்தால் அது பிரகாசமாகத் தெரிவது வழமை. அதற்குப் பயந்து நான் குறைவாக மதித்துவிட்டேனா? மறுபடி பார்த்தேன். அதே 5.9.

"நான் சொன்னாக் கேக்கிறாரில்ல. எதிர வாற லைட்டுக்குக் கண் கூசுது எண்டு மூண்டு மாசமா பொழுதுபட்டா வான் ஓட்டுறதில்ல," என்றார் நஸீரா அக்கா.

"அது வேற, இது வேற," என்றார் நானா.

"நானா, ஒவ்வொரு கண்ணாப் பாருங்கோ," என்றேன்.

இடக்கண்ணால் 5.8. வலக்கண்ணால் 5.2. நானா தொலைநோக்கியை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

"ஒரே நட்சத்திரம். ரண்டு கண்ணுக்கும் ரண்டு கதை. எந்த நாளில இருந்து பிழை எண்டு எனக்கே தெரியாதே, தம்பி. எல்லாத்தையும் அழிக்கச் சொல்லவோ?"

அதை ஆய்வாளரிடமே கேட்போம் என்றேன். அங்கேயே நானா இரண்டு கண்களின் அளவுகளையும் எழுதி, சந்தேகத்தையும் சொல்லி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: எதையும் அழிக்க வேண்டாம், இனி ஒவ்வொரு கண்ணின் அளவையும் தனியாக அனுப்புங்கள், பழையதற்குக் குறிப்புப் போடுகிறோம். அடுத்த கிழமை கண் வைத்தியர் வலக்கண்ணில் புரை என்றார். கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியை மறைக்க, ஒப்பிடும் வெள்ளை விண்மீன்கள் மங்கி, சிவப்பு எடுப்பாகத் தெரிந்திருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனியில் நிலவில்லாத நாட்களில் போங்கள். கடற்காற்றில் தொலைநோக்கிக் கண்ணாடியில் உப்புப் படியும்; மெல்லிய துணி அவசியம். திரும்பிவர ஓட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள். கரையில் இருப்பவர்களிடம் என்ன செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து நானும் ஒவ்வொரு கண்ணாக மூடி அதே விண்மீனைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக இல்லை. வித்தியாசம் சிறிதுதான். அது இடையில் சற்று மாறிய வானத்தினுடையதா என் கண்ணினுடையதா என்று இன்னும் தெரியவில்லை.