கோதண்டராமன் மடித்த பொட்டலம்

ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய, திறந்து கிடக்கும் இரும்பு ட்ரம்முக்குள் நீளக் கரண்டியில் நாலு வேர்க்கடலையை வைத்துவிட்டு, கோதண்டராமன் வேப்பமர நிழலில் குந்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறார். வெற்றிலை வாயில் கரைந்ததும் கரண்டியை வெளியே இழுத்து, ஒரு கடலையை உடைத்து, பருப்பைக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார். சூடு. உள்ளே இறங்குகிற அளவுக்கு ட்ரம் இன்னும் ஆறவில்லை. அடுத்த வெற்றிலையை எடுக்கிறார்.

"உன் கடல எப்பதான்யா ஆறும்? அடுத்த லோடு வந்து நிக்குது" என்கிறார் முதலாளி சகாதேவன்.

"கடல வறுபட்டா துப்பிடலாங்க. நான் வறுபட்டா எங்க துப்புவீங்க?"

மூன்று வருஷமாக இதே பேச்சுதான். சகாதேவன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கம் போய்விடுவார்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில், கடலைக் காட்டுக்கு நடுவே இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. ஊர் தூக்கியெறிந்த பால் கவர், ஓட்டைக் குடம், கிழிந்த தார்ப்பாய் எல்லாவற்றையும் ட்ரம்முக்குள் அடைத்து, மூடியை முறுக்கி, அடியில் தீ மூட்டினால், உருகி ஆவியாகிக் குழாய் வழியே எண்ணெயாகச் சொட்டும். எண்ணெய் போன பிறகு ட்ரம்மின் உட்சுவரில் விரல் தடிமனுக்குக் கரி அப்பிக்கொள்ளும். அதை விட்டுவைத்தால் அடுத்த முறை சூடு ஏறாது, விறகுதான் வீண். உள்ளே புகுந்து அந்தக் கரியைச் சுரண்டி எடுப்பதுதான் கோதண்டராமனுக்கு உத்தியோகம். உத்தியோகம் என்பது அவர் வாயிலிருந்து வரும் சொல். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் குடியிருப்பதால் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ட்ரம் வாயில் மின்விசிறியை ஓடவிட்டு, ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு உள்ளே போவார். சுரண்டியின் கைப்பிடியால் சுவரைத் தட்டுவார். கரி இருக்கும் இடம் தொப்பென்று கேட்கும். இரும்பு வெளிப்பட்ட இடம் கணீரென்று பேசும். ட்ரம் முழுக்கக் கணீரென்று ஆகிற வரைக்கும் மனிதர் வெளியே தலைகாட்ட மாட்டார். மூச்சு வாங்க வாசலுக்கு வரும்போது மட்டும் துண்டை இறக்கி, கரியின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். "பால் கவர் கரி இருக்குதே, அது பசு மாதிரி, சொன்னா கேட்டுக்கும். தார்ப்பாய்க் கரிதான் மச்சான் மாதிரி. வந்து ஒக்காந்தா போவாது." அவருடைய மச்சான் யாரும் பக்கத்தில் இருந்ததில்லை என்பதால் இதுவரை தகராறு இல்லை.

வேலை முடிந்ததும் ஒரு சிட்டிகைக் கரியை நியூஸ் பேப்பர் துண்டில் மடித்துச் சட்டைப் பைக்கென்று எடுத்து வைப்பார். எரிக்கக் கரி வாங்கும் செங்கல் சூளைக்காரர் வீட்டுக்கு வந்து அதை விரலில் தேய்த்து, எண்ணெய்ப் பசை ஜாஸ்தியா கம்மியா என்று பார்த்த பிறகுதான் கரி மூட்டைகளை எடுத்துப் போவார். கோயிலில் விபூதி மடித்துத் தருவார்களே, அச்சாக அதே மடிப்பு. "எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு மடிப்புதாங்க." அதை வீட்டில் வைக்கிற இடம் இன்னும் விசேஷம்: சாமி மாடம். "அங்க வெச்சாதான் யாரும் கை வெக்க மாட்டாங்க."

கொட்டகையை விட்டுக் கிளம்பும்போது ஆளே வேறு. பம்புசெட்டில் முதலில் கடலையெண்ணெய், பிறகு சீயக்காய், பிறகு சோப்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் கீற்று விபூதி. பஸ் கண்டக்டர் அவரை ஏதோ பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று நினைத்து, 'சார்' போட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறார், இவரும் திருத்தியதில்லை. ஆனால் பஸ் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணிலும் கைரேகையிலும் கொஞ்சம் கரி தங்கிவிடும். அடுத்து உட்காருகிறவர் துணி என்னத்துக்கு ஆவது?

அந்த மிச்சக் கரியைப் பற்றி அவர் கவலைப்பட்டது கிடையாது, மகள் ஆர்த்தி பிரசவத்துக்கு வரும் வரைக்கும். பேத்தி பிறந்தாள், ஓவியா என்று பெயர் வைத்தார்கள், சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். தாத்தா நிலைப்படியில் நின்று விரலைச் சொடுக்குவதோடு சரி. தூக்கவில்லை.

"பச்சப் புள்ள தோலு. நாளைக்குப் பாக்கலாம், வெரலு இன்னும் வெளுக்கல" என்பார்.

"உங்க வெரலு வெளுக்கறதுக்குள்ள அவ பள்ளிக்கூடம் போயிடுவா" என்பாள் மனைவி தங்கம்மாள்.

பள்ளிக்கூடம் இருக்கட்டும், மார்கழியில் சம்பந்தியம்மாள் கஸ்தூரி வேன் வைத்துக்கொண்டு வந்துவிட்டார், குழந்தையையும் மருமகளையும் கூட்டிப்போக. அன்று காலை கோதண்டராமன் கொல்லையில் எலுமிச்சைத் தோலை வைத்து விரல் விரலாகத் தேய்த்தார். இன்றைக்குத் தூக்காவிட்டால் இனி எப்போதோ. பாவம், தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் சிவந்தது, ரேகை அப்படியே கறுப்பாக இருந்தது.

வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தவர் திகைத்து நின்றார். கஸ்தூரியம்மாள் நெற்றியில் கறுப்புப் பொட்டு. ஆர்த்தி நெற்றியில் கறுப்புப் பொட்டு. குழந்தையின் நெற்றியில், மொத்த நெற்றியையும் அடைத்துக்கொண்டு, ஒன்று.

"ஏதுங்க இது?"

"உங்க சாமி மாடத்துலதான் இருந்திச்சி. தீப மைதானே?" என்றார் சம்பந்தியம்மாள். "நல்லா எண்ணெய் மினுக்கோட கீதே!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆருத்ரா தரிசனம் முடிந்து, மலைமேல் தீபம் எரிந்த கொப்பரையின் மையைக் கோயிலில் பிரசாதமாகத் தருகிற வாரம் அது. திருவண்ணாமலையில் எந்த வீட்டு மாடத்திலும் அப்படி ஒரு பொட்டலம் இருக்கும். அதுவும் இந்த மடிப்பில்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேன் கிளம்பிப் போயிருக்கும். சம்பந்தி வீட்டில் மரியாதைக்கும் குறைச்சல் வந்திருக்காது. ஆனால் அது தார்ப்பாய்க் கரி. அவருடைய முழங்கையிலேயே அரிப்பு எடுக்கவைத்த கரி.

"அது மலையிலேர்ந்து வந்தது இல்லைங்க. எங்க ட்ரம்முலேர்ந்து வந்தது" என்றார் கோதண்டராமன்.

ஆர்த்தி பதறிப்போய் முந்தானையால் குழந்தையின் நெற்றியைத் துடைக்கப் போனாள்.

"தேய்க்காத! தேச்சா உள்ள எறங்கிடும், குடு இங்க!" என்று குழந்தையை அவள் மடியிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். தங்கம்மாள் ஓடிப்போய்க் கடலையெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். ஒரு சொட்டை நெற்றியில் விட்டார். விட்டுவிட்டுக் காத்திருந்தார். பிறகு பஞ்சை வைத்து, அழுத்தாமல், வெளியிலிருந்து உள்ளே சுழற்றிச் சுழற்றி எடுத்தார். "எண்ணெ இழுத்துக்கும்மா... நாம அவசரப்படக் கூடாது..." என்று அந்தக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பேத்தி அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

கஸ்தூரியம்மாள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப எனக்கு வெச்சிக்கிட்டது?"

"உங்களுதும் அதேதாங்க."

"அய்யய்யோ, கண்ண மூடி வேண்டிக்கிட்டு வேற வெச்சேனே!" என்று தலையில் கைவைத்தவர், தானே சிரிக்கத் தொடங்கினார். ஆர்த்தியும் சிரித்தாள். நெற்றியில் கரியோடு ஒருவரையொருவர் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார், ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

குழந்தையின் நெற்றி வெளுத்து, லேசாகச் சிவந்து, எண்ணெயில் பளபளத்தது. கோதண்டராமன் அப்போதுதான் தன் கைகளில் இருப்பது என்னவென்று கண்டுகொண்டவராய் அசையாமல் நின்றார். முழுதும் துடைக்குமுன் அவள் ஒருமுறை முகத்தை அவர் மார்பில் புரட்டியிருந்ததால், வெள்ளைச் சட்டையில் இதயத்துப் பக்கம் வட்டமாக ஒரு கறுப்பு.

"கழட்டிக் குடுங்க, இப்பவே ஊற வெச்சாதான் போவும்" என்று தங்கம்மாள் கையை நீட்டினாள்.

அவர் நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தார். பஞ்சின் சுத்தமான முனையால் குழந்தையின் நெற்றியை இன்னொரு தரம் ஒற்றிவிட்டு, சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றினார். கறை பட்ட துணியை ஒரு பக்கமாக விலக்கி, பேத்தியின் கன்னத்தைத் தன் வெறும் மார்பில் சாய்த்துக்கொண்டார்.